குளம் நிறைந்தால் நாரை வரும்

வெள்ளி, கூந்தன்குளம்

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மீன் கவிச்சியும் எச்சத்தின் காரமும் கலந்த வாடை. "வந்தாச்சு சார், மூக்கே சொல்லிரும்லா" என்றார் ஆட்டோக்காரர். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக வந்தால் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வழியெல்லாம் பனையும் உடைமரமும் காய்ந்த தரிசும்தான். திடீரென்று ஒரு வளைவில் குளம் விரிகிறது, அதன் நடுவே கருவேல மரங்கள் உச்சி வெளுத்து நிற்கின்றன. உச்சியில் இருப்பது முழுக்கப் பறவைகள்.

கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு பாசனக் குளங்களைச் சேர்த்து 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தம் 129 ஹெக்டேர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்ததாக 2022-ல் அறிவிப்பு வந்தது. ஆனால் இங்கே பறவைகள் வேலிக்குள் நிற்பதில்லை. ஊருக்குள்ளேயே கூடு கட்டியிருக்கின்றன. தெருவின் வேப்பமரம், வீட்டுக் கொல்லைப் புளியமரம், எங்கே கிளை தாங்குமோ அங்கெல்லாம் கூடு. தெருவில் போவோரும் வருவோரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிர் வேம்பில் ஐந்தாறு கூடுகள், எல்லாம் மஞ்சள் மூக்கு நாரை. தாழ்வான ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. பெற்றோரில் ஒன்று குளத்தின் பக்கமிருந்து வந்து இறங்கியதும் கூட்டில் இருந்த துணை தலையைத் தாழ்த்தி, நிமிர்த்தி, அலகை டக டகவென்று தட்டியது. வளர்ந்த நாரைக்குக் குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, அலகுச் சத்தம்தான் பேச்சு. குஞ்சுகளுக்கோ தொண்டை ஓயாது. வந்த நாரை கழுத்தை வளைத்துக் கூட்டின் நடுவில் மீனைக் கக்கியது. விரல் நீளக் கெண்டைகள், பாதி செரித்தும் செரிக்காமலும். குஞ்சுகள் பாய்ந்து பொறுக்கின. பதினொரு மணி வெயில் ஏறியதும் அந்த நாரை எழுந்து நின்று, இரண்டு இறக்கைகளையும் பாதி விரித்துக் குஞ்சுகள் மேல் நிழல் விழும்படி வைத்துக்கொண்டது. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நான் எழுந்து போகும் வரை அது இறக்கையை மடக்கவே இல்லை.

இன்னொன்றையும் பக்கத்தில் பார்க்க முடிந்தது. இந்த நாரையின் கால் உண்மையில் சிவப்பு. ஆனால் இங்கே எல்லாக் கால்களும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கின்றன. தன் காலின் மேலேயே எச்சமிட்டுக்கொள்வது அதன் பழக்கம். ஈரம் காயும்போது காலில் ஓடும் ரத்தம் குளிரும். வியர்வை இல்லாத உடம்புக்கு இந்த வெயிலில் அதுதான் வழி.

வீட்டு ஆச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசினார். "குளம் பெருகுனா மார்கழிக் கடைசியில வந்து எறங்கிரும். எறங்கலன்னா எங்களுக்குச் சோறு எறங்காது. அந்த வருசம் வெள்ளாமையும் கெடையாதுல்லா."

தீபாவளிக்கு வெடி போடுவீர்களா என்று கேட்டேன்.

"வெடியா? பிள்ளைத்தாச்சியா வாரவள வெரட்டலாமாய்யா? எங்க மாமியா காலத்துலயே கெடையாது."

ஆடி வாக்கில் கடைசிக் குஞ்சும் பறந்துபோன பிறகு, இந்த ஊருக்கு எச்சம் மிஞ்சும். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த எச்சம் குளத்துத் தண்ணீரில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகிறது. கோடையில் வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். பறவைகளிடம் இந்த ஊர் காட்டும் பாசத்தை வெறும் வருமானக் கணக்காக எழுதினால் அது பொய். கணக்கே இல்லை என்றாலும் பொய்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கிறது, அதனால்தான் இத்தனை தலைமுறை நீடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் ஊர்ப் பிள்ளைகள் தூக்கிவந்து காப்பகத்தில் கொடுக்கிறார்கள். அங்கே மீன் ஊட்டி வளர்த்து, பறக்கும் வயது வந்ததும் விடுகிறார்கள். நாரைகளும் கூழைக்கடாக்களும் நெருக்கியடித்துக் கூடு கட்டுவதால் ஒரு காற்றடித்தால் பல குஞ்சுகள் விழும்.

மாலையில் கரையில் நின்றேன். வரித்தலை வாத்துகள் தண்ணீரில் கூட்டமாகக் கிடந்தன. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயத்தைத் தாண்டி வருபவை இவை. கடல் மட்டத்திலிருந்து 7,000 மீட்டருக்கும் மேலே இவை பறப்பதைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்து மெல்லிய காற்றிலும் உயிர்வளியைப் பிடித்துக்கொள்ளும் தன்மை இவற்றின் ரத்தத்துக்கு உண்டு. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடிகாலையிலும்தான் பெரும்பாலும் மலையைக் கடக்கின்றன. அப்படி வந்த பறவை இங்கே நெல்லை மாவட்டத்துக் குளத்தில், எருமைகள் குளிக்கும் துறைக்குப் பக்கத்தில் தூங்குகிறது. இருட்டியதும் அறுவடை முடிந்த வயல்களுக்கு மேய எழுந்து போயின.

சனி, மதுரை வழியாக வேட்டங்குடி

காலையில் மதுரை. பேருந்து மாறுவதற்கு நடுவில் கொஞ்ச நேரம் இருந்ததால் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய் பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்தேன். நாரைக்கு முத்தி கொடுத்த கதை இந்தக் குளத்தினுடையது. வாழ்ந்த குளம் வற்றியதால் ஒரு நாரை காட்டுக்குள் முனிவர்கள் நீராடும் குளத்துக்குப் போகிறது. முனிவர்களின் சடையில் உரசி விளையாடும் மீன்களைத் தின்ன அதற்கு மனம் வரவில்லை. மதுரையின் பெருமையை அவர்கள் பேசக் கேட்டு இங்கே வந்து, பட்டினியாகக் கோயிலைச் சுற்றி வருகிறது. சொக்கநாதர் தோன்றி வரம் கேள் என்கிறார். முத்தி கேட்ட நாரை கூடவே இன்னொன்றும் கேட்கிறது: என் இனத்தார் இங்கே வந்தால் மீனைப் பார்த்து மனம் தடுமாறுவார்கள், இந்தக் குளத்தில் மீனே இல்லாமல் செய்துவிடு.

சிறுவயதில் பாட்டி சொன்னபோது இது பக்திக் கதையாக மட்டும் பட்டது. இன்று யோசித்தால், கதை தொடங்குவதே ஒரு குளம் வற்றுவதில்தான். தண்ணீர் வற்றினால் நாரை வேறு இடம் தேடும் என்பது கதை சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தினமும் கண்ட காட்சி.

மதியம் திருப்பத்தூர் போய் அங்கிருந்து வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்கள்தான் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 38 ஹெக்டேர்தான். ஆனால் தீபாவளி தோறும் செய்தித்தாளில் இந்த ஊர்ப் பெயர் வரும். பல பத்தாண்டுகளாக இங்கே பட்டாசு கிடையாது. தீபாவளிக்கு மட்டும் இல்லை, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இதே கட்டுப்பாடு. அதற்காக வனத்துறை தீபாவளிக்கு வீடு வீடாக இனிப்புக் கொடுக்கிறது.

கரையில் மிதிவண்டியோடு நின்ற ஒரு பையனிடம், உனக்கு வெடி போட ஆசை இல்லையா என்றேன். "அம்மாச்சி ஊருக்குப் போயிப் போட்டுக்கிருவேன்" என்றான். சரிதான்.

வெடிச் சத்தத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டுக்காலனியில் ஒரு பறவை பதறி எழுந்தால் நூறும் எழும். அந்தச் சில நிமிடத்தில் முட்டையும் கண் திறந்த குஞ்சும் வெயிலில் கிடக்கும், எழுகிற வேகத்தில் சில கீழே விழும், காகமும் பருந்தும் அதற்காகவே காத்திருக்கும்.

இங்கே நான் அதிகம் பார்த்தது நத்தைகுத்தி நாரையை. கண்மாய்க்குக் கீழே ஈர வயலில், பத்தடி தள்ளி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி விழும். குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். அந்த இடைவெளியில் வைத்து நத்தையை உடைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பார்த்தால் அப்படி இல்லை. மேல் அலகால் நத்தையைச் சேற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் கூரிய நுனியை மூடிக்குப் பக்கத்தில் நுழைக்கிறது. உள்ளே ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்துவிட்டால் சதை முழுசாக வெளியே வந்துவிடும். அது விட்டுப்போன ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. இளம் நெற்பயிரைத் தின்னும் நத்தை இது. நாற்று நட்டவருக்கு இந்த நாரை செய்யும் உதவிக்குக் கூலி கிடையாது.

ஞாயிறு, சித்திரங்குடி

ராமநாதபுரம் மாவட்டத்தில் வற்றாத ஆறு என்று ஒன்று இல்லை. வைகையும் குண்டாறும் எப்போதாவது கொண்டுவரும் தண்ணீரும், ஐப்பசி கார்த்திகை மழையும்தான். அதைப் பிடித்துவைக்கக் கண்மாய்க்குக் கீழ் கண்மாயாக வெட்டிவைத்தார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அந்தச் சங்கிலியில் சில கண்ணிகள்தான் இன்று சரணாலயங்கள். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-ல் அறிவிக்கப்பட்டவை. சாயல்குடிக்கு அருகே மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்கள் 1998-ல். அது 593 ஹெக்டேர்.

சித்திரங்குடியில் இப்போது தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. தண்ணீர் சுருங்கச் சுருங்க மீன்கள் ஒரே இடத்தில் நெருங்குகின்றன. கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று பாதி திறந்த அலகை இடமும் வலமும் வீசிக்கொண்டே நடந்தன. மஞ்சள் மூக்கு நாரையும் அப்படித்தான், கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகைத் திறந்து கலங்கிய தண்ணீரில் வைத்துக்கொள்ளும், மீன் பட்டதும் சட்டென்று மூடும். ஆகவே அதற்கு ஆழமான, தெளிந்த நீரைவிட முழங்கால் ஆழச் சேற்று நீரே வேண்டும். குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருக்கும் மாதமும் கண்மாய் வற்றும் மாதமும் ஒன்றாக அமைவதற்குக் காரணம் இதுதான். மழை பொய்த்தால் வராமலே போய்விடுகின்றன. மழை கூடி, வற்றத் தாமதமானாலும் அவற்றின் பாடு திண்டாட்டம்தான்.

கரையில் ஆடு மேய்த்த ஒரு பெரியவர் என்னைவிட நன்றாகக் கணக்குச் சொன்னார். "கம்மாயில கருவ மரம் நிக்கணும், அடியில தண்ணி நிக்கணும். தண்ணி நின்னாத்தான் நாய், கீரி ஏறாது. அது தெரிஞ்சுதான் கட்டுது."

மரம் நிற்பதுதான் இப்போது சிக்கல். வருடா வருடம் எச்சம் விழும் மரம் மெல்லப் பட்டுப்போகிறது. புதுக் கன்று வளர வேண்டுமானால் ஆட்டிடமிருந்து காக்க வேண்டும். வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும். சரணாலயம் என்ற பலகையை நடுவதைவிட இது கடினமான வேலை. ஆனால் பலகையைப் படித்துவிட்டு எந்த நாரையும் வந்து இறங்குவதில்லை.

சாலையோரத்தில் ஓர் அம்மா அவித்த பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். தை மாதம் இந்தப் பக்கம் கிழங்கில்லாத கடைத்தெரு கிடையாது. ஒரு கட்டு வாங்கி ஒன்றை உரித்து, நுனியில் நகத்தைக் கொடுத்து நீளவாக்கில் பிளந்தேன். இரண்டு பாதியும் அடியில் ஒட்டிக்கொண்டு, நுனி கூராக விரிந்து நின்றது. சத்திமுற்றப் புலவர் 'பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்' என்று சொன்னது கைக்குள்ளேயே இருந்தது. அவர் பாடியது செங்கால் நாரையை. வறுமையோடு மதுரைக்கு வந்து, குளிரில் போர்வையின்றிக் கைகால்களைக் குறுக்கிக்கொண்டு கிடந்தவர், மேலே போன நாரைகளிடம் ஊரில் இருக்கும் மனைவிக்குச் செய்தி சொல்லச் சொல்கிறார். நீயும் உன் மனைவியும் தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பினால் எங்கள் ஊர்க் குளத்தில் தங்கிப் போங்கள் என்கிறார். நாரை குளிர் காலத்தில் தெற்கே வந்து பிறகு வடக்கே திரும்பும் என்பதும், வழியில் குளத்தில் தங்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வலசை பற்றி இவ்வளவு துல்லியமாக ஒரு ஏழைப் புலவன் பாடியிருப்பதில் எனக்குப் பெரிய பெருமை உண்டு.

திங்கள், தனுஷ்கோடி

இன்று சுருக்கமாக எழுதுகிறேன், வெயில் மிகக் கடுமை.

காலையில் ராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் பிண்டத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்றது. காகம் ஒன்று சுற்றி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி வந்து ஒரு பருக்கை எடுத்தது. உடனே அந்த வீட்டு அம்மா அழுதுவிட்டார். அப்பாவே வந்து எடுத்துவிட்டார் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அமாவாசைதோறும் காக்கைக்கு வைத்துவிட்டே சாப்பிடும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதை வெறும் நம்பிக்கை என்று எழுதிக் கடந்துபோக முடியவில்லை.

1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நின்றன. தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்து மெல்லிய தகடுகளில் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்கின்றன. இளஞ்சிவப்பு நிறம் அந்தத் தீனியிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நின்றவை குஞ்சுப் பருவம் தாண்டி அதிக நாள் ஆகாதவை. தற்படம் எடுக்க அருகே ஓடிய ஒரு கூட்டத்தால் எல்லாம் எழுந்து பறந்துவிட்டன. பறக்கும் அழகைப் பார்க்க விரட்டுகிறார்கள். ஒவ்வொரு விரட்டலுக்கும் அது மேய்ந்து சேர்த்த கொழுப்பைச் செலவழிக்கிறது. அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போக எரிபொருள்.

புதன், கோடியக்கரை

நேற்று முழுக்கப் பேருந்துதான். தொண்டி, மணமேல்குடி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று கடற்கரைச் சாலையிலேயே வந்து இரவு வேதாரண்யத்தில் தங்கினேன். விடிவதற்குள் கோடியக்கரை.

வங்கக் கடலோரம் திரும்பிப் பாக் நீரிணைக்கு வளையும் முனை இது. 1967-ல் சரணாலயம், 2002-ல் ராம்சர் தலம். பறவை ஆய்வில் இந்த இடத்துக்குத் தனி மரியாதை உண்டு. 1959-ல் பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய வலசை ஆய்வில், பிறகு பல ஆண்டுகள் பறவைகளுக்கு வளையமிட்ட முக்கியமான களம் கோடியக்கரை. மெல்லிய வலை விரித்துப் பிடித்து, எடை பார்த்து, இறக்கை அளந்து, காலில் எண் பொறித்த உலோக வளையம் மாட்டி விடுவார்கள். எங்கோ யாரோ அந்தப் பறவையைப் பிடித்துத் தெரிவிக்கும்போது ஒரு பயணப் பாதை தெரிய வரும்.

உப்பளங்களுக்கு அருகே சேற்று வெளியில் நின்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, சேறும் தண்ணீரும் மட்டும். கண் பழகியதும் சேறு நகர்ந்தது. கொசு உள்ளான்கள்! இருபது முப்பது கிராம் எடைதான், கைப்பிடிக்குள் அடங்கும். ஓடி, நின்று, குத்தி, மறுபடி ஓடும். கொஞ்ச நேரத்தில் எதற்கோ பயந்து மொத்தக் கூட்டமும் எழுந்தது. திரும்பும்போது முதுகு தெரிந்தால் பழுப்பு, வயிறு தெரிந்தால் வெள்ளை. ஆயிரம் பறவைகள் ஒரே கணத்தில் நிறம் மாறின, ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. இவை குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டிய மரமில்லாத சமவெளியில். அங்கே கோடை சில வாரங்கள்தான். அதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குளிர் வருமுன் புறப்பட்டுவிட வேண்டும். வருடத்தில் அதிக மாதங்கள் அவை இருப்பது இந்த மாதிரிச் சேற்றில்தான். ஆக, அவற்றின் ஊர் எது என்று கேட்டால் கோடியக்கரைக்கும் உரிமை உண்டு.

ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் எப்படிச் சண்டையின்றி மேய்கின்றன என்பதற்கு அலகுதான் விடை. கொசு உள்ளானின் குட்டை அலகு மேல்தோலைக் கொத்தும். அதைவிட நீண்டு வளைந்த அலகுள்ள உள்ளான் ஓர் அங்குலம் உள்ளே துழாவும். கோட்டான் என்ற கரைப்பறவையின் (ஆந்தை இல்லை) இன்னும் நீண்டு வளைந்த அலகு ஆழத்தில் இருக்கும் நண்டையும் புழுவையும் எடுக்கும். நெடுங்கால் உள்ளான் மற்றவை நிற்க முடியாத ஆழத்தில் நிற்கும்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் பேசினேன். 1930-ல் ராஜாஜி உப்புச் சத்தியாகிரகம் நடத்திய மண் இது, இன்றும் உப்புதான் பிழைப்பு. "மழ நல்லா பேஞ்சா உப்பு கெட்டுப்போவும், ஆனா குருவி நெறைய வரும். மழ இல்லன்னா எங்களுக்கு வேல, அதுங்களுக்குப் பட்டினி" என்றார். அந்த ஒரு வரியில் கோடியக்கரையின் சிக்கல் முழுதும் இருக்கிறது. ஓரளவு உப்பு நீரில்தான் பறவைகளின் தீனியான சிற்றுயிர்கள் பெருகும். காவிரியின் கடைமடை வாய்க்கால்களில் நன்னீர் குறைந்து, உப்பு மிஞ்சிப்போனால் தீனி மாறும், வரும் இனங்களும் மாறும். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் வந்த கரைப்பறவைகள் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டன.

2004 சுனாமியில் சோழர் காலக் கலங்கரை விளக்கத்தின் மிச்சமும் விழுந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகில்தான் கரையைக் கடந்தது, காட்டு மரங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. இன்று காட்டுக்குள் நடந்தபோது சாய்ந்த மரங்களின் அடியில் புதுத் தளிர் ஆளுயரத்துக்கு வந்திருந்தது. புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன, அவற்றின் காலடியில் எழும் பூச்சிகளுக்காக உண்ணிக்கொக்குகள் கூடவே நடந்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடியக்கரைக்குக் கார்த்திகை முதல் தை வரை. கூந்தன்குளத்துக்குத் தை முதல் சித்திரை வரை, அப்போது குஞ்சுகளைப் பார்க்கலாம். ராமநாதபுரக் கண்மாய்களுக்குப் புறப்படுமுன் அந்த ஆண்டு மழை எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். தொலைநோக்கி ஒன்றும் தலைக்குத் தொப்பியும் போதும். கூட்டுக்கு அடியில் கூட்டமாக நின்று சத்தம் போடாதீர்கள். ஊருக்குள் கூடு பார்க்கும்போது வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். அவர்கள் சொல்லும் விஷயங்கள் எந்தத் தகவல் பலகையிலும் இல்லை. நான் நாளை காலை கடலோரத்தில் ஆலா என்னும் கடற்பறவைகளைப் பார்த்துவிட்டு, மதியப் பேருந்தில் ஊர் திரும்புகிறேன்.